ஆய்வேட்டு அலமாரியும் காப்புரிமைத் தேதியும்

மேற்கு ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழக நூலகத்தில் இரவல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஒருவர் எழுதிக்கொடுத்த பிரமாணப் பத்திரம், அமெரிக்காவில் ஒரு காப்புரிமை விண்ணப்பத்தைக் கவிழ்த்தது. வேதியியல், மருந்தியல் துறையில் ஒரு மாணவர் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வேட்டின் படி தம் நூலகத்துக்கு வந்தது என்றும், வழக்கமான நடைமுறைப்படி அது பட்டியலில் சேர்க்கப்பட்டு 1977 டிசம்பர் தொடக்கத்தில் வாசகர்களுக்குக் கிடைக்கும் நிலையில் இருந்திருக்க வேண்டும் என்றும் அவர் எழுதியிருந்தார். ஹால் என்பவருடைய விண்ணப்பத்துக்கு உரிய தேதி 1979 பிப்ரவரி 27. அதற்கு ஓராண்டுக்கு மேல் முன்னதாகவே உலகில் எங்கேனும் அச்சு வெளியீடாக வந்துவிட்ட ஒன்றுக்கு அந்நாட்டுச் சட்டம் காப்புரிமை தராது. ஃப்ரைபர்க் ஆய்வேடு அந்த எல்லைக் கோட்டுக்கு மூன்று மாதம்போல் முந்தியிருந்தது.

ஹால் தரப்பு எழுப்பிய ஆட்சேபணை நியாயமானதாகவே தோன்றும். உலகத்தில் ஒரே ஒரு பல்கலைக்கழகத்தில், ஒரே ஓர் அலமாரியில் இருந்த ஆய்வேட்டை எப்படி வெளியீடு என்று சொல்ல முடியும்? எந்த நாளில் அது அலமாரிக்கு வந்தது என்று நூலகரால் திட்டவட்டமாகச் சொல்லவும் முடியவில்லையே? கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 1986-இல் இரண்டையும் தள்ளிவிட்டது. பட்டியலில் முறையாகச் சேர்க்கப்பட்ட ஒரே ஒரு படி போதும். துல்லியமான நாள் தெரியாவிட்டாலும் அந்த நூலகத்தின் வழக்கமான நடைமுறை எது என்பதற்குத் தகுந்த சாட்சியம் இருந்தால் போதும் என்றது. நூலகத்துறையில் வேலை பார்க்கும் எவரும் இந்தத் தீர்ப்பை ஒரு முறையாவது படித்துவிட வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நம் அன்றாட வேலை, அதாவது ஒரு நூலைப் பெற்று, எண் கொடுத்து, பட்டியலில் ஏற்றி, அலமாரியில் வைப்பது, அங்கே சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கதை அமெரிக்காவுக்குள்ளேயே நடந்தது. ஓரிகன் மாநிலம் போர்ட்லாந்தில் உள்ள ரீட் கல்லூரியில் இளங்கலை மாணவர்களும் ஆய்வேடு எழுத வேண்டும். அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த குரோனின் ஒரு விண்ணப்பம் போட்டபோது, அவருடைய மாணவர்கள் மூவர் எழுதியிருந்த ஆய்வேடுகளையே காப்புரிமை அலுவலகம் அவருக்கு எதிராக எடுத்து வைத்தது. ஆய்வேடுகள் கல்லூரியின் மைய நூலகத்திலும் இருந்தன. வேதியியல் துறையிலும் இருந்தன. யாரும் போய்ப் பார்க்கலாம். ஆனால் அவற்றைத் தேடுவதற்கு இருந்தவை, மாணவர் பெயரின் அகர வரிசையில் அடுக்கிய மூன்றுக்கு ஐந்து அங்குல அட்டைகள் மட்டுமே. துறையில் இருந்த அட்டைகள் ஒரு செருப்புப் பெட்டிக்குள் இருந்தன. மாணவரின் பெயருக்கும் அவர் செய்த ஆய்வின் பொருளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதால், அந்தப் பொருளைத் தேடி வரும் ஒருவரால் நியாயமான முயற்சியில் அவற்றைக் கண்டடைய முடியாது. ஆகவே அவை வெளியீடுகளே அல்ல என்று அதே நீதிமன்றம் 1989-இல் பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. ஒரு நீதிபதி உடன்படவில்லை. எனக்கும் பெரும்பான்மைத் தீர்ப்பில் கொஞ்சம் சங்கடம் உண்டு; மையநூலகத்தில் திறந்த நிலையில் இருக்கும் ஒரு பிரதியை இல்லாததாகக் கொள்வது சற்று மிகைதான். ஆனாலும் அந்த நீதிபதிகள் கேட்ட கேள்வி நூலகவியலின் அடிப்படைக் கேள்வி. ஒரு நூல் இருக்கிறது என்பது வேறு, தேவைப்படுகிறவர் கையில் அது அகப்படும் என்பது வேறு. 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்த கணித ஆசிரியர் ரங்கநாதன் தம் வாழ்நாள் முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைக்கத்தான் பாடுபட்டார்.

இவ்விரண்டுக்கும் முன்னோடியாக 1978-இல் வந்த இன்னொரு வழக்கில், டோலீடோ பல்கலைக்கழகத்தில் ஒருவர் தம் முதுநிலை ஆய்வேட்டை நூலகத்தில் கொடுத்துவிட்டார், ஆனால் உரிய தேதிக்குள் நூலகம் அதைப் பட்டியலிடவுமில்லை, அலமாரியில் வைக்கவுமில்லை. தேங்கிக் கிடந்ததால் அவருடைய காப்புரிமை விண்ணப்பம் பிழைத்தது. அந்த நூலகத்தில் ஆள் பற்றாக்குறையா, விடுமுறைக் காலமா என்பது தீர்ப்புக்குத் தேவைப்படவில்லை. ஐரோப்பாவில் நிலைமை இன்னும் கடுமை. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டு அமர்வுகளே இதில் ஒத்துப்போகவில்லை: நூலகத்தின் கிடங்குக்கு வந்து சேர்ந்தது மட்டும் போதாது, பட்டியலிட்டிருக்க வேண்டும் என்று ஓர் அமர்வு சொல்ல, வரவு முத்திரை குத்திய நூலக ஊழியரே ரகசியம் காக்கக் கடமைப்படாத பொதுமக்களில் ஒருவர்தான், ஆகவே முத்திரை விழுந்த நாளிலேயே அது வெளியானதாகும் என்று பின்னர் மற்றோர் அமர்வு சொன்னது. நம் ஊர் நூலகங்களில் அந்த முத்திரையைப் பெரும்பாலும் உதவியாளர் ஒருவர்தான் குத்துவார். சில சமயம் ஒரு வாரத்து நூல்களுக்குச் சேர்த்துக் குத்துவார். அந்த ஊதா மைக்கு இத்தனை கனம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை.

நான் பணிபுரியும் பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்வேட்டுப் பகுதியை இந்தத் தீர்ப்புகளின் கண்ணோடு பார்த்தால் தலை சுற்றும். நீலமும் அரக்குமாக ரெக்சின் அட்டை, முதுகில் தங்க எழுத்தில் பெயர், பதிவு எண், ஆண்டு. துறைவாரியாகவும் வந்த ஆண்டு வாரியாகவும் அடுக்கியிருக்கிறோம். பழைய பதிவேட்டில் பெயர், தலைப்பு, நெறியாளர், வரவு நாள் ஆகியவை உண்டு. பொருள் தலைப்பு கிடையாது. தலைப்பை வைத்துத் தேடலாமே என்றால், எங்கள் பொறியியல் ஆய்வேடுகளில் கணிசமானவை ‘சர்ட்டன் இன்வெஸ்டிகேஷன்ஸ் ஆன்’ என்று தொடங்குகின்றன. மிச்சத்தில் பாதி ‘ஸ்டடீஸ் ஆன்’ என்று தொடங்குகின்றன. தலைப்பின் முதல் மூன்று சொற்களில் ஆய்வைப் பற்றிய ஒரு தகவலும் இராது. இணையப் பட்டியலுக்கு மாறிய பிறகு சேர்ந்தவற்றுக்குத் திறவுச்சொற்கள் உண்டு. அதற்கு முந்தைய ஆய்வேடுகள் ரீட் கல்லூரியின் பெட்டிக்குள் இருந்தவற்றைவிட மேலான நிலையில் இல்லை. அந்த ஆய்வேடுகளில் சாயம் ஏற்றும் முறைகள், மூலிகைச் சாறு பிரித்தெடுத்த முறைகள், களிமண் கலவைகள் என்று ஏராளமாக இருக்கின்றன. நாளை வேறு யாரோ அவற்றில் ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டால், அது புதிதல்ல என்று சொல்லும் ஆவணம் எங்கள் அலமாரியில் இருக்கும். ஆனால் அது அங்கே இருப்பது விண்ணப்பத்தைச் சோதிக்கும் காப்புரிமைப் பரிசோதகருக்கும் தெரியாது, பல வேளைகளில் எங்களுக்கும் தெரியாது.

புதிய ஆய்வேடுகளுக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் கொண்டுவந்த விதிமுறை, முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்படியைப் பல்கலைக்கழகங்கள் கட்டாயம் ஒப்படைக்க வேண்டும் என்றது. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் காந்திநகர் மையமான இன்ஃப்ளிப்நெட் நடத்தும் ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில் இன்று நாடெங்கிலுமிருந்து பல லட்சம் ஆய்வேடுகள் இருக்கின்றன. முழு வாசகமும் எவரும் இறக்கிக்கொள்ளலாம். இது நல்ல காரியம் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. மக்கள் பணத்தில் நடந்த ஆய்வு மக்களுக்குக் கிடைக்க வேண்டும். ஆனால் ஃப்ரைபர்க்கில் ஓர் அலமாரியில் இருந்த ஒற்றைப் படியே போதுமானதாக இருந்தது என்றால், சோத்கங்காவில் ஏறிய ஓர் ஆய்வேடு ஏறிய நொடியில் டோக்கியோவிலும், ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் இருக்கும் மியூனிக்கிலும் ஏற்கெனவே வெளிவந்த அறிவு ஆகிவிடுகிறது என்பதையும் ஆய்வாளர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

நம் காப்புரிமைச் சட்டம் இதில் அமெரிக்காவைப் போலத் தாராளமானதும் இல்லை. கண்டுபிடிப்பாளரே வெளியிட்டதற்கு அமெரிக்கா பொதுவாக ஓராண்டு சலுகை தருகிறது. இந்தியச் சட்டத்தின் 31-ஆம் பிரிவிலும் பன்னிரண்டு மாதச் சலுகை ஒன்று உண்டு. ஆனால் அது மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகள், கற்றறிந்தோர் சங்கத்தின் முன் வாசிக்கப்பட்ட அல்லது அச்சங்கத்தின் இதழில் வெளியான கட்டுரை போன்ற சில நிலைமைகளுக்கு மட்டும். முனைவர் பட்ட ஆய்வேடு என்ற சொல்லே அதில் இல்லை. வணிகப் பதிப்பகத்தின் ஆய்விதழில் வந்த கட்டுரையை ‘கற்றறிந்தோர் சங்கத்தின் இதழ்’ என்று வாதாடிப் பார்க்கலாம். அதை நம்பி ஓர் ஆய்வின் எதிர்காலத்தை வைப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஐரோப்பாவில் அந்த அளவு சலுகையும் இல்லை.

இதைவிடச் சிக்கலானது, ஆனால் யாரும் பேசாதது, வாய்மொழித் தேர்வு. விதிமுறைப்படி அது திறந்த அரங்கில் நடக்க வேண்டும்; துறை ஆசிரியர்கள், மற்ற ஆய்வு மாணவர்கள், ஆர்வமுள்ள வல்லுநர்கள் எல்லோரும் வரலாம். அதற்கும் முன், ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முந்தைய முன்வைப்பும் துறையினர் அனைவர் முன்னிலையில்தான். அறிவிப்புப் பலகையில் சுருக்கம் ஒட்டுவார்கள், சுருக்கத்தின் படிகளை அரங்கில் கொடுப்பார்கள். அமெரிக்காவில் 2004-இல் தீர்ந்த ஒரு வழக்கில், தானிய வேதியியல் மாநாடு ஒன்றில் 1998 அக்டோபரில் இரண்டரை நாள் மாட்டியிருந்த 14 தாள்களும், பிறகு கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு நாளுக்கும் குறைவாக மாட்டப்பட்ட அதே தாள்களும் போதும், அது வெளியீடுதான் என்று நீதிமன்றம் சொன்னது. படி யாருக்கும் கொடுக்கவில்லை, எந்த நூலகத்திலும் சேர்க்கவில்லை. பார்த்தவர்கள் துறை வல்லுநர்கள், குறிப்பெடுக்கத் தடையும் இல்லை. அவ்வளவுதான் அங்கே கணக்கு. நம் வாய்மொழித் தேர்வு அரங்கில் கைபேசியால் ஒவ்வொரு திரைத்தாளையும் படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் வாழ்த்துச் செய்தியோடு ஏற்றுகிறோம்.

இதற்கெல்லாம் மாற்று ஒன்றும் பெரிய வித்தையல்ல. முன்வைப்புக்கு முன்பாக, கண்டுபிடிப்பின் முதல் விவரமான ‘தற்காலிக விவரக்குறிப்பை’க் காப்புரிமை அலுவலகத்தில் தாக்கல் செய்துவிட்டால் விண்ணப்பத் தேதி கைக்கு வந்துவிடும். அதன்பின் பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்கலாம். கல்வி நிறுவனங்களுக்கு 2021 செப்டம்பரில் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்துவிட்டார்கள். இணையவழித் தாக்கலுக்கு இப்போது 1,600 ரூபாய். கிண்டி ஜி.எஸ்.டி. சாலையில் உள்ள அலுவலகத்துக்கு நேரில் போகவும் வேண்டியதில்லை. அந்த 1,600 ரூபாய் அல்ல தடை. யாரும் மாணவரிடம் வேளையோடு கேட்பதில்லை என்பதுதான் தடை. நெறியாளர் ஆய்விதழ்க் கட்டுரைகளின் எண்ணிக்கையில் கவனமாக இருப்பார். காப்புரிமைப் பிரிவு, யாராவது விண்ணப்பத்தோடு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்கும். ஆய்வேடு முழு உருவில் முதல்முதலாக வெளியாள் ஒருவர் கைக்கு வருவது நூலகத்தில்தான்: சொல் ஒப்புமைச் சோதனைக்கு. 2019-இல் ‘சோத்சுத்தி’ திட்டம் வந்த பிறகு இந்தச் சோதனை நாடெங்கும் நூலகர் தலையில் விழுந்தது. மாணவர்கள் ‘பிளேஜியரிசம் ரிப்போர்ட் வேணும் சார், இன்னைக்கே வேணும்’ என்று வந்து நிற்பார்கள். ஒற்றுமை எத்தனை சதவீதம் என்ற கேள்வியைத் தவிர வேறு எதுவும் அந்த மேசையில் பேசப்படுவதில்லை. அதே படிவத்தில், ‘இந்த ஆய்வில் காப்புரிமை கோரத்தக்க ஏதேனும் உண்டா, விண்ணப்பித்தாயிற்றா, களஞ்சியத்தில் ஏற்றுவதைச் சிறிது காலம் நிறுத்திவைக்க வேண்டுமா’ என்று ஒரு வரி சேர்த்தேன். முதலில் எல்லோரும் ‘இல்லை’ என்று டிக் அடித்தார்கள். மருந்தியலில் ஒரு பெண், பேனாவை எடுத்தவள் அப்படியே நிறுத்தி, ‘சார், நான் மேடத்துக்கிட்ட கேட்டுட்டு வந்து எழுதறேன்’ என்று போனாள். படிவத்துக்கு அவ்வளவு பலன் போதும்.

இன்னொரு பக்கம், காப்புரிமை என்ற சொல்லைக் கேட்டாலே துள்ளிக் குதிக்கும் நிர்வாகங்களும் இருக்கின்றன. கல்வி நிறுவனங்களுக்கான தேசியத் தரவரிசைக் கட்டமைப்பில் காப்புரிமைக்கு மதிப்பெண் உண்டு. அதில் வழங்கப்பட்டவற்றோடு ‘வெளியிடப்பட்டவை’யும் எண்ணப்படும். ஒரு விண்ணப்பம் சாதாரணமாக 18 மாதம் கழித்து அரசின் காப்புரிமை இதழில் வெளியாகும். கல்வி நிறுவனமானால் 2,500 ரூபாய் கூடுதலாகக் கட்டி முன்கூட்டியே வெளியிடக் கேட்கலாம், ஒரு மாதத்துக்குள் வந்துவிடும். ஆக 4,100 ரூபாயில் ஒரு ‘வெளியிடப்பட்ட காப்புரிமை’ கிடைக்கிறது. அந்த விண்ணப்பத்தைப் பரிசோதிக்கச் சொல்லித் தனியாக 4,000 ரூபாய் கட்ட வேண்டும். 2024 மார்ச்சில் திருத்திய விதிப்படி 31 மாதத்துக்குள் அந்தக் கோரிக்கை வராவிட்டால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். தரவரிசைக்குத் தேவையானது பரிசோதனைக் கட்டணத்துக்கு முன்பே கிடைத்துவிடுவதால், அந்த 4,000 ரூபாயைக் கட்ட எந்தத் தூண்டுதலும் இல்லை. வெளியாகியிருப்பது விண்ணப்பம் மட்டுமே, எந்தப் பரிசோதகரும் அதன் புதுமையை இன்னும் பார்க்கவில்லை என்பதை வாழ்த்துப் பதாகை அடிப்பவர்களிடம் சொல்லிப் பயனில்லை.

இதில் வீணாவது பணம் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அரைகுறையாக எழுதி, அவசரமாக வெளியிட்டு, பிறகு கைவிடப்பட்ட விண்ணப்பம் வெளியீட்டுக் கணக்கில் என்றென்றைக்கும் இருக்கும். அதே நிறுவனத்தில் ஐந்தாண்டு கழித்து வேறொரு மாணவர் அதே யோசனையை உருப்படியாகச் செய்து முடித்து விண்ணப்பித்தால், அவருக்கு எதிராகப் பரிசோதகர் எடுத்துக்காட்டும் முதல் ஆவணம் அந்தக் கைவிடப்பட்ட விண்ணப்பமாகவே இருக்கலாம். தரவரிசை ஆண்டுக்கு ஆண்டு மாறும். காப்புரிமை இதழின் பக்கம் மாறாது.

நூலகத்தின் பங்கு ஆய்வேட்டைக் காப்பதோடு நிற்பதில்லை. காப்புரிமை ஆவணங்களை வாசிக்கக் கற்றுக்கொடுப்பதும் நம் வேலைதான். அமெரிக்கா 1871-லேயே அச்சிட்ட காப்புரிமைகளை நூலகங்களுக்கு அனுப்பச் சட்டம் செய்தது. அந்த வலையமைப்பு இன்றும் வேறு பெயரில் நூலகங்களில்தான் இயங்குகிறது. தமிழ்நாட்டில் மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையம் இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பது கிண்டி, தரமணி வட்டாரத்துக்கு வெளியே பலருக்கும் தெரிவதில்லை. ஆய்விதழ்களுக்குக் கோடிக்கணக்கில் சந்தா கட்டும் நாம், ஐரோப்பிய அலுவலகம் 1998 முதல் இலவசமாகத் திறந்துவைத்திருக்கும் எஸ்பாஸ்நெட்டையும் நம் நாட்டின் இன்பாஸ் தேடுதளத்தையும் மாணவருக்குக் காட்டுவதே இல்லை. முகப்புப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நிற்கும் எண்கள் உலகம் முழுவதும் ஒன்றே: 22 என்றால் தாக்கல் நாள், 54 தலைப்பு, 72 கண்டுபிடிப்பாளர், 56 பரிசோதனையின்போது எடுத்துக்காட்டிய முந்தைய ஆவணங்கள். ஜப்பானிய மொழி தெரியாதவரும் ஜப்பானியக் காப்புரிமையின் தேதியைக் கண்டுபிடித்துவிடலாம்.

தலைப்பை வைத்துத் தேடினால் மாட்டிக்கொள்வோம். கடலோர மாவட்டத்திலிருந்து வந்த ஒரு மாணவர், கருவாட்டுக்கான சூரிய உலர்த்தி செய்திருந்தார். கூகுளில் ‘டிரை ஃபிஷ் சோலார் டிரையர்’ என்று போட்டுப் பார்த்து, நாலைந்துதான் இருக்கின்றன, என்னுடையது புதிது என்றார். காப்புரிமை எழுதுகிறவர்கள் மீன் என்று எழுத மாட்டார்கள். மீன் என்று எழுதினால் உரிமை மீனோடு நின்றுவிடும், ஆகவே ‘ஈரமுள்ள பொருளுக்கான சாதனம்’ என்று எழுதிவைப்பார்கள். காப்புரிமைகளைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் பன்னாட்டு வகைப்பாட்டில் எஃப்26பி 3/28 என்ற குறியீட்டின்கீழ், சூரிய ஒளி முதலான கதிர்வீச்சால் திடப்பொருளை உலர்த்துவது முழுவதும் அடங்கும். அங்கே போய் உட்கார்ந்தோம். நெல், தேயிலை, மரப்பலகை, சாக்கடைக் கசடு என்று எதை எதையோ உலர்த்தும் சாதனங்கள் வரிசையாக வந்தன. ஏ23பி 4/03 என்பது இறைச்சியையும் மீனையும் உலர்த்திப் பதப்படுத்துவது, அங்கும் பார்த்தோம். அவருடைய காற்றுப் போக்கி அமைப்பு ஏற்கெனவே தேயிலைக்கு இருந்தது. உப்பு படிந்து அரிக்காத தட்டின் வடிவம் மட்டும் எங்கேயும் அகப்படவில்லை. மாலைக்குள் அவருடைய ஆய்வின் மையம் காற்றுப் போக்கியிலிருந்து தட்டுக்கு நகர்ந்துவிட்டது. ஆய்வைத் தொடங்கும் முன்பே அதைச் செய்திருந்தால் இரண்டு ஆண்டு மிச்சம் என்று அவரே சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

வகைப்பாடு என்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மஞ்சள் வழக்கின் தொடர்ச்சியைத்தான் சொல்ல வேண்டும். மஞ்சளைப் புண்ணாற்றப் பயன்படுத்துவதற்கு அமெரிக்கா 1995 மார்ச்சில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்ததும், நம் அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுமம் (சி.எஸ்.ஐ.ஆர்.) அதை 1996-இல் எதிர்த்ததும், 1997-இல் அது ரத்தானதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. மேடைகளில் இதைச் சொல்கிறவர்கள் நம் பாட்டிமார்களின் பெருமையோடு நிறுத்திவிடுகிறார்கள். பாட்டி சொன்னாள் என்பதை அமெரிக்க அலுவலகம் ஏற்காது. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் வெளிநாட்டில் வாய்வழியாகவும் பழக்கத்திலும் இருந்த அறிவு கணக்கில் வராது, அச்சில் வந்தது மட்டுமே வரும். குழுமம் எடுத்துவைத்தது 32 ஆவணங்களை. பழைய சமஸ்கிருத நூல்களோடு, இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் 1953-இல் வந்த ஒரு கட்டுரையும் அவற்றில் உண்டு. எந்த நூலகத்திலோ யாரோ ஒருவர் அந்த இதழைக் கட்டடம் செய்து, தொகுதி எண் போட்டு, நாற்பதாண்டு கறையான் அரிக்காமல் வைத்திருந்ததால்தான் அது 1996-இல் கைக்குக் கிடைத்தது.

அதன்பின் 2001-இல் தொடங்கிய மரபறிவு மின்நூலகம் ஆயுர்வேதம், யுனானி, சித்தம் ஆகியவற்றின் நூல்களிலிருந்து மருந்து முறைகளை எடுத்து, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் பரிசோதகர் தேடத்தக்கதாக மாற்றியது. தமிழிலுள்ள சித்த நூல்களின் பாடல்கள் அப்படித்தான் மியூனிக்கில் உள்ள பரிசோதகரின் திரைக்குப் போயின. ஐரோப்பிய அலுவலகத்தோடு 2009 பிப்ரவரியில் ஒப்பந்தம் ஆனது. ஆனால் எனக்கு இதில் முக்கியமாகப் படுவது மொழிபெயர்ப்பைவிட வகைப்பாடு. அதற்கு முன் பன்னாட்டு வகைப்பாட்டில் மருத்துவத் தாவரங்கள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே ஓர் உட்பிரிவு இருந்தது. வேப்பிலையும் ஜின்செங்கும் ஒரே இடத்தில். 2006-இல் நடைமுறைக்கு வந்த எட்டாம் பதிப்பில் ஏ61கே 36 என்ற புதிய பிரிவும், அதனடியில் சுமார் 200 உட்பிரிவுகளும் வந்தன. அதற்கு உந்துதலாக இருந்தவற்றுள் நம்மவர்கள் உருவாக்கிய மரபறிவு வகைப்பாட்டு முறையும் ஒன்று. ரீட் கல்லூரியின் அட்டைகளில் இல்லாமல் போன அந்தப் பொருள்வழித் தேடல், தாவர மருந்துகளுக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது.

அந்த மின்நூலகத்தோடு எனக்கு ஒரு சண்டையும் உண்டு. காப்புரிமை அலுவலகங்களுக்கு மட்டுமே, ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தின்பேரில், அதைத் திறந்துவைத்திருந்தார்கள். அச்சில் வந்து, கடையில் விற்கும் நூல்களிலிருந்து திரட்டிய ஒன்றை, அதே நூல்களைப் படித்து வளர்ந்த சித்த மருத்துவக் கல்லூரி மாணவர் பார்க்க முடியாது என்பது விசித்திரமான ஏற்பாடு. 2022 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை மற்றவர்களுக்கும் படிப்படியாக, சந்தா முறையில், திறந்துவிட ஒப்புதல் அளித்தது. சுவடிகளின் கதை வேறு. சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் தஞ்சை சரசுவதி மகாலிலும் இருக்கும் மருத்துவச் சுவடிகளில் அச்சேறியவை ஒரு பகுதிதான். மற்றவற்றுக்குப் பட்டியலில் ‘வைத்தியம்’ என்ற ஒற்றைச் சொல்லும் ஏடுகளின் எண்ணிக்கையும் இருக்கும்; உள்ளே எந்த நோய்க்கு எந்த மூலிகை என்பது தெரியாது. நம் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, உள்ளூர்ச் சமூகங்களிடம் வாய்வழியாக இருக்கும் அறிவையும் எதிர்ப்புக்கான ஆதாரமாக ஏற்கிறது. காப்புரிமை வழங்கப்படும் முன் எந்த மனிதரும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம். ஆனால் வெளிநாட்டு அலுவலகத்தில் எதிர்ப்பவருக்கு ‘வைத்தியம், 84 ஏடு’ போன்ற ஒரு பதிவு எவ்வளவு தூரம் உதவும் என்பது குரோனின் வழக்கைப் படித்தவருக்குத் தெரியும்.

எங்கள் நூலகத்தில் இப்போது ஆய்வேட்டுப் பதிவில் இரண்டு தேதிகள் எழுதுகிறோம்: கைக்கு வந்த நாள், வாசகருக்குக் கிடைக்கத் தொடங்கிய நாள். நிறுத்திவைக்கக் கேட்டிருந்தால் அது முடியும் நாளும் உண்டு. பழைய ஆய்வேடுகளுக்குப் பொருள் தலைப்பு போடும் வேலையை மருந்தியலிலிருந்தும் துணி நுட்பவியலிலிருந்தும் தொடங்கியிருக்கிறோம். இரண்டு துறைகளிலும் ஆய்வேட்டுச் சுருக்கத்தைப் படித்துப் புரிந்துகொண்டு, காப்புரிமை வகைப்பாட்டுக் குறியீட்டையும் சேர்த்து எழுதக்கூடிய ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் கிடைத்தார்கள். அவர்களுக்கான மதிப்பூதியத்தைக் காப்புரிமைப் பிரிவின் நிதியிலிருந்து தரலாம் என்று எழுதிக் கேட்டேன். முன்கூட்டிய வெளியீட்டுக் கட்டணத்துக்கு அந்த ஆண்டு ஒதுக்கியதில் கால் பங்கு இதற்குப் போதும். கோப்பு நிதி அலுவலரிடம் இருக்கிறது. இது நூலகச் செலவா, ஆராய்ச்சிச் செலவா என்று குறிப்பு எழுதி ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தார், ஃப்ரைபர்க் தீர்ப்பின் சுருக்கத்தை இணைத்து மறுபடியும் அனுப்பியிருக்கிறேன்.